ரிப்பனுக்குக் கீழே ஒரு பரீட்சை

எங்கள் பள்ளியின் கணினி ஆய்வகத்துக்கு வெளியே, கதவுக்கு வலப்பக்கம், ஒரு கறுப்பு கிரானைட் கல் பதித்திருக்கிறது. அதில் தங்க எழுத்தில் ஒரு மென்பொருளின் பெயர், அதன் கீழே 1.0.1 என்ற பதிப்பு எண், அதற்கும் கீழே திறந்துவைத்தவரின் பெயரும் பட்டங்களும். அந்த மென்பொருளை எழுதியது நான். கல்லில் என் பெயர் இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அந்த எண்ணைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவொன்றில், கிறிஸ்தவ சபைக்காரர்கள் நடத்தும் மேல்நிலைப் பள்ளி அது. நான் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் டீச்சர். ஆய்வகத்தில் முப்பது சொச்சம் கணினிகள். அவை ஒரே சமயத்தில் வாங்கியவை அல்ல. சில வாங்கியவை, சில நன்கொடையாக வந்தவை, சில எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் தெரியாதவை. ஒவ்வொன்றிலும் ஒரு பென் டிரைவைச் செருகி, மென்பொருளைக் கையால் போட்டுக்கொண்டிருந்தோம். ஒன்றில் பழைய பதிப்பு இருக்கும், பக்கத்தில் இருப்பதில் புதியது இருக்கும், மூன்றாவதில் பாதி போட்டுக் கரண்ட் போயிருக்கும்.

இப்படியிருந்தால் என்ன ஆகும் என்பது ஒரு செய்முறைத் தேர்வில் தெரிந்தது. ஒரு பெண் சரியாகத்தான் நிரல் எழுதினாள். அவள் உட்கார்ந்த கணினியில் பழைய பதிப்பு. நிரல் ஓடவில்லை. வேறு பள்ளியிலிருந்து தேர்வாளராக வந்திருந்த எக்ஸ்டர்னல் திரையைப் பார்த்துத்தான் மார்க் போட்டார். அவள் அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "மிஸ், நான் தப்பா எழுதல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்: "உங்க பரீட்சையில நீங்க தப்புப் பண்ணலாம். உங்க கம்ப்யூட்டர் பண்ணாது. அதுக்கு நான் பொறுப்பு." சொல்லும்போது கம்பீரமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான், எப்படி என்று யோசித்தேன்.

பேக்கேஜ் மேனேஜர் என்று ஒன்று உண்டு. கணினிக்குள் இருக்கும் ஸ்டோர்கீப்பர் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னது வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் இணையத்திலிருந்து எடுத்துவந்து போடும். அதற்குத் துணையாக வேறு ஏதாவது வேண்டுமென்றால் அதையும் போடும். பழசாக இருந்தால் புதுப்பிக்கும். ஏற்கெனவே இருந்தால், "இருக்கிறது" என்று ஒரு வரி சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடும். ஆனால் ஒவ்வொரு கணினியிலும் உட்கார்ந்து அதனிடம் தனித்தனியாகப் பேச வேண்டும். எனக்கு ஒரே இடத்திலிருந்து எல்லாக் கணினிகளிடமும் பேச வேண்டியிருந்தது. அதற்காக நடுவில் நிற்கும் ஒரு ஆளை எழுதினேன். ஸ்கிரிப்ட் மாட்யூல் என்பார்கள். சில கட்டளைகளின் தொகுப்பு, அவ்வளவுதான். முன்வரிசையில் என் கணினியில் ஒரு கட்டளையைத் தட்டினால், ஆய்வகம் முழுக்க ஒரே மென்பொருள், ஒரே பதிப்பு. அந்த மாட்யூலையும் எல்லாக் கணினிகளுக்கும் கொண்டுபோய் வைப்பது அதே பேக்கேஜ் மேனேஜர்தான்.

வீட்டில் இரண்டு பழைய கணினிகளை வைத்துக்கொண்டு, குக்கர் விசிலுக்கு நடுவே மாதக்கணக்கில் எழுதினேன். அதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. எந்தக் கட்டளையின் கடைசியிலும் 'ஒத்திகை' என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால், மாட்யூல் எதையும் செய்யாது. செய்யப்போவதையெல்லாம் வரிவரியாகத் திரையில் சொல்லும், அத்தோடு சரி. நாலு தடவை நானே என் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு போட்ட ஏற்பாடு அது.

முடிந்ததும் தாளாளரிடம் காட்டினேன். தாளாளர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்பவர், அதுதான் பிரச்சினை. நான் சொல்லி முடிக்கும்வரை கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "மிஸ், இது சாதாரண விஷயம் இல்ல. இதுக்கு ஒரு திறப்பு விழா வைக்கணும்" என்றார்.

"சார், இதுல திறக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. நாலு ஃபைல்தான்."

"அப்போ என்ன பண்ணும்?"

"ஓடும் சார்."

"ஓடறதைக் கொடியசைச்சுத் தொடங்கி வைப்போம்ல? அது மாதிரி சீஃப் கெஸ்ட் பட்டனைத் தட்டட்டும்."

கல்லுக்கு அன்றைக்கே ஆர்டர் கொடுத்தார். கல்லில் மென்பொருளின் பெயர் மட்டும் இருந்தால் மொட்டையாக இருக்கும், ஏதாவது எண் உண்டா என்று கேட்டார். அப்போது 0.9 என்று வைத்திருந்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பூஜ்யத்தில் ஆரம்பிக்கக் கூடாதாம். சரி, 1.0.0 என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். பூஜ்யத்தில் முடியவும் கூடாதாம்.

"கல்யாணத்துல மொய் எழுதினாக்கூட நூத்தியொண்ணுன்னுதானே மிஸ் எழுதறோம்? கடைசியில ஒரு ஒண்ணு போடுங்க."

இப்படித்தான் என் மாட்யூலுக்கு 1.0.1 என்ற பதிப்பு வந்தது. உலகத்தில் வேறு எந்த மென்பொருளுக்கும் பதிப்பு எண்ணை மொய்க் கணக்குப்படி வைத்திருக்க மாட்டார்கள்.

சிறப்பு விருந்தினர், கல்வித் துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். மேற்கு மாம்பலத்தில் வீடு. முதலில் ஒரு தேதி கொடுத்தார், பிறகு முழங்கால் வலி என்று மாற்றினார். அடுத்த தேதியில் அமெரிக்காவிலிருந்து மகள் வந்துவிட்டாள். அதற்குள் பள்ளி ஆண்டு விழா வந்தது. பந்தல்காரர் எப்படியும் வந்திருக்கிறாரே என்று, அதோடு சேர்த்து ஆய்வகக் கதவுக்கும் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டச் சொல்லிவிட்டார் தாளாளர். கட்டிய பிறகு சட்டமும் போட்டார்: ரிப்பன் கட்டியாகிவிட்டது, திறக்கும்வரை யாரும் ஆய்வகத்தைப் பயன்படுத்தக் கூடாது.

எனக்குத் தலை சுற்றியது. "சார், ப்ராக்டிகல் எக்ஸாம் வருது. மாட்யூலை லேப்ல இன்னும் ஓட்டிக்கூடப் பாக்கல."

"முதல் ஓட்டம் சீஃப் கெஸ்ட் கையாலதான் மிஸ். நீங்க வீட்ல ஓட்டிப் பாருங்க."

"வீட்ல ரெண்டு கம்ப்யூட்டர்தான் சார் இருக்கு."

"அதே மாதிரிதானே மிஸ் இதுவும். நிறைய இருக்கு, அவ்ளோதான்."

இதில் அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. எங்கள் பக்கத்தில் கட்டி முடித்த சுரங்கப்பாதையே ஆள் வந்து திறக்கும்வரை தகரத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். ஜனங்கள் தகரத்தின் ஒரு மூலையை வளைத்துவிட்டு, கூடையும் குழந்தையுமாக அதன் வழியே போய்வருவார்கள். திறப்பு விழாவன்று மூலையை நிமிர்த்திவைத்துவிட்டு, எல்லோரும் வெளியே நின்று கைதட்டுவார்கள்.

ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அந்தச் சுரங்கப்பாதை வழியாகத்தான் தினம் வேலைக்கு வருபவர். பூட்டைத் திறப்பது, கணினிகளைத் துடைப்பது, நான் சொல்வதைத் தட்டிவைப்பது எல்லாம் அவர் வேலை. பரீட்சைக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, ரிப்பனுக்கு முன்னால் நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்த்தார்.

"இன்னா மிஸ் யோசிச்சுக்கினு நிக்கிற? ரிப்பனைத்தானே கட் பண்ணக் கூடாதுன்னாரு? கீய பூந்து போனா இன்னா?"

குனிந்து உள்ளே போனோம். பட்டப்பகலில், சாப்பாட்டு இடைவேளையில், என் சொந்த ஆய்வகத்துக்குள் திருட்டுத்தனமாக. மாட்யூலை ஓட்டினேன். ஒவ்வொரு கணினியாக 'முடிந்தது', 'முடிந்தது' என்று வந்தது. உள்ளுக்குள் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. கடைசி வரிசையின் மூலைக் கணினி மட்டும் முடிக்கவே இல்லை. போட்டதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது.

போய்ப் பார்த்தால், எந்தப் புண்ணியவானோ அந்தக் கணினியின் மொழியைத் தமிழுக்கு மாற்றி வைத்திருந்தான். பேக்கேஜ் மேனேஜர் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டுத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் சொன்னால்தான் நம்புவேன் என்று என் மாட்யூல் அடம்பிடித்தது. தமிழச்சி எழுதிய மாட்யூலுக்குத் தமிழ் புரியவில்லை. வார்த்தையைப் படிக்காமல், வேலை முடிந்ததும் பேக்கேஜ் மேனேஜர் தரும் எண்ணைப் பார்க்கும்படி அன்று சாயங்காலமே திருத்தினேன். வழக்கப்படி 1.0.2 என்று பதிப்பை ஏற்றினேன்.

மறுநாள் தாளாளரிடம் உண்மையைச் சொன்னேன். குனிந்து போனதற்குக் கோபிப்பார் என்று நினைத்தேன். ரிப்பன் அறுபடவில்லையே என்றார். ஆனால் பதிப்பு எண்ணைக் கேட்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டா? மிஸ், கல்லு வந்துடுச்சு."

வந்திருந்தது. அறையின் மூலையில் கோணியில் சுற்றி, சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"சார், திருத்தினா நம்பர் மாறணும். நம்பர் மாறினாத்தான் பேக்கேஜ் மேனேஜர் புதுசுன்னு எடுத்துக்கும். இல்லேன்னா ஏற்கெனவே இருக்குன்னு சொல்லிட்டுச் சும்மா இருந்துடும்."

"கல்லை அழிக்க முடியுமா மிஸ்?"

அழிக்க முடியாதுதான். ஆகவே திருத்திய மாட்யூலும் 1.0.1 தான் என்று முடிவாயிற்று. பேக்கேஜ் மேனேஜர் அதைச் சீந்தவில்லை. எல்லாக் கணினிகளிலிருந்தும் பழைய 1.0.1-ஐ எடுத்துவிட்டு, புதிய 1.0.1-ஐப் போட வேண்டியதாயிற்று. போட்டேன். மறுபடி குனிந்து போய்த்தான்.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. விழாவன்று என்ன தெரியும் என்று பார்க்க வேண்டும் என்றார் தாளாளர். அவரும் குனிந்து உள்ளே வந்தார். நான் கட்டளையைத் தட்டினேன். எல்லாம் ஏற்கெனவே போட்டிருந்ததால், 'இருக்கிறது' என்று ஒரே ஒரு வரி வந்து நின்றது. அவருக்கு அது பிடிக்கவில்லை. அவ்வளவு பெரிய மனிதர் மாம்பலத்திலிருந்து வந்து தட்டினால் ஒரு வரிதானா என்றார். வரிகள் நிறைய ஓட வேண்டும், புரொஜெக்டரில் தெரிய வேண்டும். சரி என்று 'விழா' என்றே ஒரு கட்டளை எழுதிக் கொடுத்தேன். அது முதலில் எல்லாக் கணினிகளிலும் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை மூடும், பிறகு துடைத்து எடுக்கும், பிறகு புதிதாகப் போடும். காலியான ஆய்வகத்தில், பரீட்சையெல்லாம் முடிந்த பிறகு நடத்தப்போகும் விழா என்ற நம்பிக்கையில் எழுதியது. அக்காவுக்கும் அதைத் தட்டச் சொல்லிக் கொடுத்தேன்.

பரீட்சை ஒரு செவ்வாய்க்கிழமை. ரிப்பன் அப்படியே இருந்தது, நடுவில் கொஞ்சம் தொய்ந்திருந்தது. அதை அறுக்காமல் நடத்திக்கொள்ளத் தாளாளர் அனுமதி தந்திருந்தார். காலையில் மாணவர்கள் வரிசையாக வந்து, கையில் ரெக்கார்டு நோட்டோடு ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே போனார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பரீட்சை நாளில் பிள்ளைகள் எதையுமே கேட்பதில்லை. எக்ஸ்டர்னல்தான் கேட்டார். நல்ல பருத்த சரீரம், முதுகில் பெல்ட் போட்டிருந்தார்.

"என்ன மேடம் இது?"

"லேப் இன்னும் திறக்கல சார்."

"அப்போ எங்க வச்சு எக்ஸாம் நடத்தறீங்க?"

"லேப்லதான் சார்."

அவர் ரிப்பனையும் தன் வயிற்றையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அக்கா ஒரு திரைச்சீலைக் கம்பியை எடுத்துவந்து ரிப்பனைத் தூக்கிப் பிடித்தார். "வா சார், தலையில படாது" என்றார். ரிப்பன் அறுந்துவிடப் போகிறதே என்று நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். எக்ஸ்டர்னல் பக்கவாட்டில் திரும்பி நுழைந்தார். பல்லக்கு உள்ளே போவது போல இருந்தது.

பரீட்சை ஆரம்பித்தது. எல்லாக் கணினியிலும் ஒரே மென்பொருள், ஒரே பதிப்பு. மூலைக் கணினியில் உட்கார்ந்திருந்த பெண் முதல் ஆளாகத் தட்ட ஆரம்பித்தாள். நான் ஜன்னலோரம் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றிவிட்டேன். பாதி நேரம்கூட ஆகியிருக்காது, தாளாளர் வாசலில் வந்து நின்றார். வியர்த்திருந்தது.

"மிஸ், சீஃப் கெஸ்ட் வந்துட்டாரு."

"எங்க சார்?"

"கீழ. கார்ல."

நடந்தது இதுதான். சிறப்பு விருந்தினர் தம் மகள் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு வந்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை என்பது அவருக்கு மறந்துபோயிருக்கிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் வெயிலில் நின்று பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, இவ்வளவு தூரம் வந்தது வீணாக வேண்டாம், திறப்பு விழாவை முடித்துவிட்டுப் போகலாம் என்று போன் பண்ணாமலே வந்துவிட்டார். புலி இல்லாததால் என் மாட்யூல்.

"சார், எக்ஸாம் நடக்குது."

"அஞ்சு நிமிஷம் மிஸ். இன்னிக்கு விட்டா அவர் திருப்பி வரமாட்டார்."

"அந்தக் கமாண்ட் எல்லாத்தையும் மூடிடும் சார். பசங்க எழுதினது போயிடும்."

"எடுத்துட்டுத் திருப்பிப் போட்டுடும்னு சொன்னீங்களே?"

மென்பொருளைத் திருப்பிப் போடும், பிள்ளைகள் எழுதியதைத் திருப்பிப் போடாது என்று நான் விளக்குவதற்குள் அவர் படியிறங்கிவிட்டார். எக்ஸ்டர்னல் எழுந்துகொண்டார். இது பரீட்சை விதிகளுக்கு விரோதம், ரிப்போர்ட் எழுதுவேன் என்று கத்தினார். எனக்கு அப்பாடா என்றிருந்தது, ஒருவராவது நியாயம் பேசுகிறாரே என்று. அந்த நிம்மதி படியேறி வந்த பொன்னாடைகளைப் பார்க்கும்வரைதான். விருந்தினருக்கு ஒன்று, எக்ஸ்டர்னலுக்கு ஒன்று. விழா எக்ஸ்டர்னல் முன்னிலையில் நடப்பதாகத் தாளாளர் வாசலிலேயே அறிவித்துவிட்டார். சரிகைத் துண்டு தோளில் விழுந்ததும் எக்ஸ்டர்னல் உட்கார்ந்துவிட்டார். விழாவுக்கு ஆகும் நேரத்தைக் கூட்டித் தருவதாக மாணவர்களிடம் பெரிய மனது பண்ணிச் சொன்னார்.

விருந்தினர் ரிப்பனை வெட்டினார். மெலிந்த, உயரமான மனிதர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார். உள்ளே வந்தவர், திறக்காத ஆய்வகத்தில் முப்பது சொச்சம் பிள்ளைகள் ஏற்கெனவே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இவங்கதான் சார் முதல் பேட்ச். உங்களுக்காகத்தான் வெயிட்டிங்" என்றார் தாளாளர், கூசாமல்.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். புரொஜெக்டர் எரிந்துகொண்டிருந்தது. முன்வரிசைக் கணினியில் 'விழா' கட்டளை முழுசாகத் தட்டி வைத்திருந்தது. விருந்தினர் வருகிறார், ரெடி பண்ணுங்கள் என்று தாளாளர் சொன்னதும், நான் சொல்லிக் கொடுத்தபடி அக்கா ஓர் எழுத்துப் பிசகாமல் தட்டி வைத்திருக்கிறார். கடைசியில் ஒத்திகைச் சொல் இல்லை. நான் அதை அவருக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லையே. இனி ஒரு தட்டு, எல்லாம் மூடும். மூலைப் பெண்ணின் நிரலும் மூடும். மறுபடி ஒரு பிள்ளை என் முன்னால் வந்து நின்று, நான் தப்பா எழுதல மிஸ் என்று சொல்லும்.

விருந்தினர் நாற்காலியில் உட்கார்ந்தார். போட்டோ எடுப்பவர் குனிந்து நின்றார். "சார், ஒரு நிமிஷம், அந்தக் கமாண்ட்..." என்று தாளாளரின் காதருகே சொன்னேன். "அப்புறம் மிஸ், அப்புறம்" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தார். விருந்தினர் விரலை நீட்டி, எந்தப் பட்டன் என்று கேட்டார்.

"சார், ஜெபம் பண்ணலையே" என்றேன்.

என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. நான் செவ்வாய்க்கிழமையானால் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்குப் போடுகிற குடும்பம். ஆனால் அந்தப் பள்ளியில் இத்தனை வருஷம் காலை அசெம்பிளியில் நின்றிருக்கிறேன். ஜெபம் இல்லாமல் அங்கே தண்ணீர்க் குழாயைக்கூடத் திறக்க மாட்டார்கள். தாளாளர் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கண்களை மூடிக்குவோம்" என்றார்.

பிள்ளைகள் கையை எடுத்துவிட்டுத் தலை குனிந்தார்கள். போட்டோக்காரரும் கண்ணை மூடினார். தாளாளரின் ஜெபம் எங்கள் பள்ளியில் பேர்போனது, அதன் நீளத்துக்கு. அன்பின் பரலோகத் தகப்பனே என்று ஆரம்பித்து, தேசத்துக்காகவும் தலைவர்களுக்காகவும் மழைக்காகவும் வேண்டினார். விருந்தினரின் முழங்காலைத் தொட்டுச் சுகப்படுத்தக் கேட்டார். எஃப்.சி.க்குப் போயிருக்கும் பள்ளி வேன் தடையில்லாமல் திரும்பி வரக் கேட்டார். நான் அவர் குரலைப் பிடித்துக்கொண்டே, விருந்தினரின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். ஒரு எழுத்துப் பிசகி, அழித்து, மறுபடி தட்டினேன். விசை ஒவ்வொன்றும் டக் டக் என்று கேட்டது. "இந்த மாட்யூலையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்" என்று தாளாளர் சொல்லும்போது ஒத்திகைச் சொல்லை முடித்துவிட்டேன்.

ஆமென் வந்தது. நிமிர்ந்தேன். விருந்தினர் கண்ணை மூடியிருக்கவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி, என் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதானேம்மா?" என்று கேட்டுவிட்டு எண்டரைத் தட்டினார். சுவரில் வரிகள் ஓடின. இந்தக் கணினியில் இதை மூடியிருப்பேன், அதை எடுத்திருப்பேன், இதைப் போட்டிருப்பேன் என்று என் மாட்யூல் வரிவரியாகப் பீற்றிக்கொண்டது. ஆங்கிலத்தில் இருந்ததாலும் வேகமாக ஓடியதாலும் யாரும் படிக்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு கணினியிலும் ஒன்றும் ஆகவில்லை. மூலைப் பெண் கைதட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

விருந்தினர் பேச வேண்டும் என்று தாளாளர் மைக்கை நீட்டினார். "பசங்க பரீட்சை எழுதறாங்க, பேச வேண்டாம்" என்று மறுத்துவிட்டார். மகள் குடும்பம் காரில் காத்திருந்தும் அவர் கிளம்பவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மெல்லிய குரலில் கேட்டார்.

"நான் தட்டினேனே, என்னம்மா ஆச்சு?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஒண்ணும் ஆகல சார்."

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே சார்."

"அப்பாடா" என்றார். "ரிப்பனை வெட்டறதுக்கு முன்னாடி இவங்க எப்படி உள்ள வந்தாங்க?"

"குனிஞ்சு சார்."

அவர் தலையை ஆட்டினார். "என் சர்வீஸ்ல எத்தனையோ ஸ்கூல் திறந்திருக்கேன்மா. போர்டுல பாதி அழிச்ச கணக்கு இருக்கும். ஒருத்தரும் உள்ள இருக்க மாட்டாங்க. பசங்க எங்கன்னு அப்ப நான் யாரையும் கேட்டதில்ல."

மணி அடித்தது. அன்று எல்லா நிரலும் ஓடின. தப்பாக எழுதியவர்களுடையது மட்டும் ஓடவில்லை, அது நியாயம்தான். பிள்ளைகள் நோட்டை எடுத்துக்கொண்டு வரிசையாக வெளியே போனார்கள். முதல் பையன் வாசலுக்கு வந்ததும், காலையில் வந்தது போலவே தலையைக் குனிந்து, முதுகை வளைத்து வெளியே போனான். அடுத்தவளும் அப்படியே. ரிப்பன் இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது, அதை மிதித்துக்கொண்டே ஒவ்வொருவரும் குனிந்து போனார்கள். தாளாளர் பூரித்துவிட்டார். "பாத்தீங்களா சார், எங்க பிள்ளைங்களோட பணிவை" என்றார். விருந்தினர் என்னைப் பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய், அங்கே ஒன்றுமில்லாத இடத்தில், தன்னால் முடிந்த அளவு குனிந்து வெளியேறினார்.

அதற்குப் பிறகு அந்த மாட்யூலில் எத்தனையோ திருத்தங்கள் செய்துவிட்டேன். எல்லாமே 1.0.1 தான். ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுகிறேன், கல்லைத் திட்டிக்கொண்டே. தாளாளர் இப்போதும் சபைக் கூட்டங்களில் என்னைப் பற்றிச் சாட்சி சொல்கிறாராம், கர்த்தர் அந்த மிஸ் உள்ளத்தில் கிரியை செய்கிறார் என்று.

ரிப்பனைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள் யாரும் இப்போது பள்ளியில் இல்லை. ஆனால் அவர்களைப் பார்த்து அடுத்த வகுப்பு குனிந்தது, அதைப் பார்த்து அதற்கடுத்தது. போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் வாசலில் நின்று, "இங்க எதுக்கு மிஸ் குனியணும்?" என்று கேட்டாள். கல்லைக் காட்டி எல்லாக் கதையையும் சொல்லியிருக்கலாம்.

"குனிஞ்சு வா. கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது" என்றேன்.

அவள் குனிந்து உள்ளே வந்தாள். அவள் பின்னாலேயே நானும்.